ஆடிஷனுக்கு அனுப்ப போட்டோ எடுக்கணும், வட சென்னையிலயே முடிச்சிடலாமா?

தண்டையார்பேட்டை_மேடை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 24, ஆண், உயரம் 5 அடி 8 அங்குலம், நல்ல கறுப்பு. மேடை நாடகத்துல நடிக்கிறேன். சினிமா, வெப் சீரிஸ், விளம்பரம்னு ஆடிஷன் அறிவிப்பு வரும்போது அனுப்பறதுக்கு ஒழுங்கான போட்டோ கையில இல்ல.

பக்கத்து ஸ்டுடியோவுல விசாரிச்சேன். 50 போட்டோ, 5 டிரஸ், பெரிய ஆல்பம்னு பேக்கேஜ் சொல்றாங்க. அதுல ஒண்ணு போலீஸ் யூனிஃபார்ம், ஒண்ணு லுங்கியும் கத்தியும், ஒண்ணு கோட்டு சூட்டு. என்கிட்ட இருக்கிறது மொத்தம் 5,000 ரூபாய்தான்.

இந்தப் பேக்கேஜ் தேவையா? உண்மையில எத்தனை போட்டோ கேப்பாங்க? மேக்கப் போடணுமா? இப்ப தாடி இருக்கு, எடுத்துடணுமா? வடபழனி, சாலிகிராமம் பக்கம் போய் எடுத்தாத்தான் மதிப்பாங்களா? விவரம் தெரிஞ்ச அண்ணன், அக்காங்க சொல்லுங்க.

தேர்வு_மேசை:

தம்பி, அந்தப் பேக்கேஜ் வேண்டாம். கத்தி பிடிச்ச போட்டோவைப் பாத்து யாரும் ரவுடி வேஷம் குடுக்கிறதில்ல. டைரக்டர் மனசுல ஒரு ரவுடி இருப்பான், அவனுக்கு ஒரு மூஞ்சி தேடறாங்க. நீங்களே ஒரு வேஷம் கட்டிக்கிட்டு வந்தா, அந்த வேஷத்துக்குள்ள இருக்கிற முகத்தை அவங்க தோண்டி எடுக்க வேண்டியிருக்கு. வட சென்னை முகவரின்னு பாத்ததுமே லுங்கி, கத்தின்னு நினைக்கிற பழக்கம் சினிமாவுல ஏற்கனவே இருக்கு. அதுக்கு நாமளே போட்டோ எடுத்துக் குடுக்கக் கூடாது. அதே முகத்துக்கு வங்கி ஊழியர், கல்லூரி வாத்தியார், டெலிவரி பையன், மருத்துவர் எல்லாமே பொருந்தும்.

போட்டோ எப்படிப் பாக்கப்படுதுன்னு தெரிஞ்சா உங்க பாதி கேள்விக்கு பதில் வந்துடும். பெரும்பாலும் ஒரு அசிஸ்டென்ட் டைரக்டர் செல்போன்ல, வாட்ஸ்அப்ல, தீப்பெட்டி அளவு சின்னப் படமா வரிசையா தள்ளிக்கிட்டே போவார். அந்தச் சின்ன அளவுல கண்ணு தெரியணும். தெரியலன்னா அதைத் தட்டிப் பெருசாக்கவே மாட்டார். அதனால முதல் போட்டோ எப்பவும் குளோஸப். நெஞ்சுக்கு மேல, முகம் பெருசா, ரெண்டு கண்ணும் கேமராவைப் பாத்து.

தேவையானது இவ்வளவுதான். சாதாரண முகபாவத்துல ஒரு குளோஸப். பல்லு தெரிய சிரிக்கிற ஒண்ணு. விளம்பரத்துக்கு இது இல்லாம ஆகாது, பல் வரிசையைப் பாக்கத்தான் கேக்கறாங்க. இடுப்பு வரைக்கும் ஒரு மிட் ஷாட். தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு ஃபுல் லெங்த், நேரா நின்னு, கைய தொங்கப் போட்டு, காலும் செருப்பும் வெட்டுப்படாம. இடது பக்கம், வலது பக்கம் ஒவ்வொரு புரொஃபைல். ஆக ஆறு. டாட்டூவோ பெரிய தழும்போ இருந்தா அதை மட்டும் தனியா ஒண்ணு எடுத்து வெச்சுக்குங்க. கேக்கும்போது அனுப்பலாம், முதல்லயே திணிக்க வேண்டாம்.

போட்டோவுல இருக்கிற ஆளும் கதவைத் திறந்து உள்ள வர்ற ஆளும் ஒரே ஆளா இருக்கணும். நாங்க கவலைப்படறது இதுக்கு மட்டும்தான். ரெண்டு ஷேட் வெளுப்பாக்கின போட்டோவைப் பாத்துக் கூப்பிட்டு, நேர்ல வேற நிறத்துல வந்து நின்னா, நடிப்பைப் பாக்கறதுக்கு முன்னாடியே அந்த ஆள் மேல இருந்த நம்பிக்கை போயிடும். கறுப்பு நிறம் குறையே இல்ல. அதைச் சரியா வெளிச்சம் போட்டு எடுக்கத் தெரியாததுதான் குறை, அது போட்டோகிராஃபரோட வேலை.

எங்க எடுத்தீங்கன்னு யாரும் கேக்கமாட்டாங்க. பெரம்பூர்ல எடுத்தாலும் வடபழனியில எடுத்தாலும் ஒண்ணுதான்.

அரைவெளிச்சம்:

மேல சொன்னவர் சொன்ன ஆறு போட்டோவுக்கு ஸ்டுடியோகாரர் கிட்ட எப்படிப் பேசணும்னு சொல்றேன். நம்ம பக்கத்து ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் வேலையிலதான் ஓடுது. லைட்டும் கேமராவும் அவங்ககிட்ட இருக்கு. ஆனா பாஸ்போர்ட் போட்டோவுக்கு ரெண்டு பக்கமும் சமமா குடை லைட் போட்டு, முகத்துல நிழலே இல்லாம தட்டையா எடுத்துப் பழக்கம். நடிகர் போட்டோவுக்கு அது ஆகாது, கன்ன எலும்பும் தாடையும் காணாமப் போயிடும்.

பேக்கேஜ்னு கேக்காம இப்படிக் கேளுங்க: ஒரு மணி நேரம், ரெண்டு சட்டை, ஒரே சாம்பல் நிற பேக்ரவுண்ட், கரெக்ஷன் (கம்ப்யூட்டர்ல திருத்தம்) பண்ணின ஆறு போட்டோ, மத்த எல்லா ஒரிஜினலும் பென் டிரைவ்ல. ஆல்பம் வேண்டாம், லேமினேஷன் வேண்டாம், பேக்ரவுண்ட் மாத்தற வேலை வேண்டாம். விலை பேசும்போது இந்த "வேண்டாம்" எல்லாத்தையும் முதல்லயே சொல்லிடுங்க, ஏன்னா பேக்கேஜ்ல பணம் போறதே ஆல்பத்துக்கும் டிசைனுக்கும்தான்.

லைட்: ஒரே ஒரு சாஃப்ட்பாக்ஸ், அதாவது முன்னால வெள்ளைத் துணி போட்ட பெட்டி லைட், ரெண்டு மூணு அடி அகலம் உள்ளது போதும். முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டுல, கண்ணு மட்டத்துக்கு ஒரு அடி மேல, லேசா கீழ் நோக்கி, முகத்துல இருந்து மூணு நாலு அடி தூரத்துல. எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகை, ரெண்டடிக்கு மூணடி, தோளுக்குப் பக்கத்துல. அது நிழலை முழுசா அழிக்காம மென்மையாக்கும். நீங்க பேக்ரவுண்ட்ல இருந்து அஞ்சாறு அடி தள்ளி உக்காரணும். ஒட்டி உக்காந்தா காதுக்குப் பின்னால நிழல் விழுந்து அடையாள அட்டை மாதிரி ஆயிடும். எடுத்த படத்தைப் பெருசாக்கி கண்ணைப் பாருங்க: கறுவிழியோட மேல் பாதியில, ஒரு ஓரமா வெள்ளைப் புள்ளி தெரியணும். அது இல்லாத கண்ணு உயிரில்லாம இருக்கும். ரிங் லைட் வேண்டாம், கண்ணுக்குள்ள வளையம் விழும், முகமும் தட்டையாகும்.

கேமரா: ஃபுல் ஃபிரேம்னா (பெரிய சென்சார் உள்ளது) 85 எம்எம், சின்ன சென்சார் உள்ளதுன்னா 50 எம்எம் லென்ஸ். தூரம் அஞ்சுல இருந்து ஏழு அடி. கிட்ட வந்து 24 எம்எம்ல எடுத்தா மூக்கு பெருசாகும், காது பின்னால போகும். இதுக்கு லென்ஸைத் திட்டறாங்க, உண்மையான காரணம் தூரம் குறையறதுதான். அபர்ச்சர், அதாவது லென்ஸோட திறப்பு, எஃப் 4ல இருந்து 5.6; எண் குறையக் குறைய ஷார்ப்பா வர்ற ஆழமும் குறையும். கல்யாண வேலை பண்றவங்க பின்னணி மங்கணும்னு எஃப் 1.8ல எடுத்துப் பழகியிருப்பாங்க. தலையைக் கொஞ்சம் திருப்பினா ஒரு கண்ணு ஷார்ப், இன்னொரு கண்ணு மங்கல். பின்னணி வெறும் திரைதானே, அதை மங்க வைக்கத் தேவையே இல்ல.

இப்ப முக்கியமான விஷயம். கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கிற மீட்டர், தான் பாக்கறதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டு வரத்தான் பாக்கும். பின்னணி வெள்ளையா இருந்தா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், உங்க முகத்துல விவரமே தெரியாது. பின்னணி கறுப்பா இருந்தா வெளிச்சத்தைக் கூட்டும், கறுப்புத் தோல் வெளிறிச் சாம்பல் பூசின மாதிரி வரும். ரெண்டுமே தப்பு. பேக்ரவுண்ட் சாம்பலா இருக்கட்டும், மீட்டரை நம்பாம, வெளிச்ச அளவைக் கையால மாத்தற மேனுவல்ல வெச்சு, நெத்தியிலயும் மூக்கு நுனியிலயும் வெள்ளையா எரியாத அளவுக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. கறுப்புத் தோல்ல அழகு வர்றதே, வெளிச்சம் விழற இடத்துக்கும் நிழலுக்கும் நடுவுல இருக்கிற அந்தப் படிப்படியான மாற்றத்துலதான். அதனாலதான் ஒரே லைட் பக்கவாட்டுல வரணும்கிறேன்.

கரெக்ஷன் எவ்வளவு? பத்து நாள்ல போயிடற எதையும் அழிக்கலாம்: பரு, ஷேவிங் வெட்டு, தூக்கமில்லாத கண்ணுல சிவப்பு. மச்சம், தழும்பு, கண்ணுக்குக் கீழ் சுருக்கம், பல் இடைவெளி, காது வடிவம் எதையும் தொடக் கூடாது. "ஸ்கின் ஸ்மூத்" தட்டி மெழுகு மாதிரி ஆக்கிக் குடுத்தா வாங்காதீங்க. படத்தை முழு அளவுக்குப் பெருசாக்கினா தோல் துவாரம் தெரியணும். இப்ப சில கடையில ஏஐ வெச்சு ஷார்ப் பண்றாங்க. அது கண் இமையையும் பல்லையும் தானா வரைஞ்சிடுது. நேர்ல பாத்தா வேற ஆளு. ஒரிஜினலையும் பக்கத்துல வெச்சுப் பாத்து வாங்குங்க.

பிரிண்ட் அவசியம் இல்ல. ஆபீஸ் ஏறி இறங்கிக் குடுக்கணும்னா ரெண்டு மூணு போட்டா போதும். வெளிநாட்டுல 8×10 அங்குலம் வழக்கம். நம்ம லேப்ல 8×12 சுலபமா வரும், ஏன்னா கேமரா படத்தோட அளவு மூணுக்கு ரெண்டு. 8×10 கேட்டா நீளத்துல ரெண்டு அங்குலம் வெட்டுப்படும், அதனால எடுக்கும்போதே தலைக்கு மேல கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்க. 8×10க்கு 2400க்கு 3000 பிக்சல் இருந்தா தெளிவா வரும். பளபளப்பு பேப்பர் வேண்டாம், மேட் போடுங்க, விரல் ரேகை தெரியாது.

ஒப்பனை_அக்கா:

ஆம்பளைங்களுக்கு மேக்கப் வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிடறாங்க, அது பாதிதான் சரி. நிறம் மாத்தற மேக்கப் வேண்டாம். ஆனா நம்ம ஊர் ஈரப்பதத்துல, அதுவும் கடலோரத்துல, லைட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உக்காந்தா நெத்தியும் மூக்கும் எண்ணெய் வடியும். கறுப்புத் தோல்ல அந்தப் பளபளப்பு வெள்ளைத் திட்டா பதிவாகும், கரெக்ஷன்ல எடுக்கறதும் கஷ்டம். டிஷ்யூ பேப்பரை முகத்துல வெச்சு ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. அதுக்கு மேல உன் தோல் நிறத்துலயே இருக்கிற காம்பாக்ட் இல்லன்னா நிறமில்லாத பவுடர் ரொம்ப லேசா, நெத்தி, மூக்கு, மோவாய் மட்டும். டால்கம் பவுடர் போடவே போடாதே தம்பி, ஃபிளாஷ் அடிச்சா முகம் சாம்பலாத் தெரியும். அன்னைக்கு சன்ஸ்கிரீனும் வேண்டாம். அதுல இருக்கிற டைட்டானியம் டையாக்ஸைடும் ஜிங்க் ஆக்ஸைடும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிச்சு கழுத்துக்கும் முகத்துக்கும் ரெண்டு நிறம் காட்டிடும்.

உதடு வெடிச்சிருந்தா முந்தின ராத்திரியே வாசலின் தடவு, எடுக்கறதுக்கு முன்னாடி துடைச்சிடு. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வெச்சுட்டுப் போகக் கூடாது. முந்தின நாளே தலைக்குக் குளிச்சிடு, அன்னைக்குக் காலையில குளிச்சா முடி பறக்கும். முடி வெட்டறது ஒரு வாரம் முன்னாடி. புதுசா வெட்டின முடியில காது ஓரமும் பின்கழுத்தும் வெளுத்துத் தெரியும், அது ஆற நாலஞ்சு நாள் ஆகும். முதல் தடவையா ஃபேஷியல், பிளீச்னு போயிடாதே. ஒத்துக்கலன்னா சிவந்து தடிச்சு அந்த வாரமே வீணாயிடும்.

தாடியை எடுக்கணுமான்னு கேட்டே. ஒரே நாள்ல மூணும் எடுத்துக்கலாம், வரிசை மட்டும் முக்கியம். முதல்ல தாடியோட. அப்புறம் தாடியை எடுத்துட்டு மீசையோட. கடைசியா மீசையும் எடுத்துட்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரு குளோஸப் போதும். ஆனா தாடியை எடுத்த உடனே அந்த இடம் வெயில் படாம வெளுப்பா இருக்கும், கன்னத்துல கோடு தெரியும். அதனால ஷேவ் பண்ணின குளோஸப்பை மூணு நாலு நாள் கழிச்சு எடுத்தா இன்னும் நல்லது. ரேசர் பட்டாப் பொரிப்பொரியா வர்ற தோலா இருந்தா டிரிம்மரே போதும்.

சட்டை: ஒரே நிறம், எழுத்து, லோகோ எதுவும் இல்லாதது. மெரூன், பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள், நடுத்தர நீலம் எல்லாம் கறுப்புத் தோலுக்கு எடுப்பா இருக்கும். வெள்ளைச் சட்டை கண்ணை முகத்துல இருந்து இழுத்துடும், உள்ள போட்ட பனியன் கோடும் தெரியும். சின்னக் கட்டம், மெல்லிசுக் கோடு போட்ட துணி போட்டா படத்துல அலை அலையா நெளியும். பட்டன் சட்டை ஒண்ணு, ரவுண்ட் நெக் ஒண்ணு. இல்லன்னா வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ஒரு சுத்து சுத்தினா கிடைச்சிடும், பிராண்ட் யாருக்கும் தெரியப் போறதில்ல. தோள் தையல் உன் தோள் எலும்பு மேலயே வந்து நிக்குதான்னு மட்டும் போட்டுப் பாத்து வாங்கு. தொளதொளன்னு இருந்தா உடம்பே சின்னதாத் தெரியும். அயர்ன் பண்ணி ஹேங்கர்லயே எடுத்துட்டுப் போ, பையில மடிச்சு வெச்சா மடிப்புக் கோடு நெஞ்சுக்கு நடுவுல விழும். கையில கயிறு, நெத்தியில விபூதி, கழுத்துல செயின் எல்லாம் அன்னைக்கு ஒரு மணி நேரம் கழட்டி வெச்சிடு. கண்ணாடி போடறவங்க கண்ணாடி இல்லாமதான் எடுக்கணும். போட்டு ஒண்ணு வேணும்னா காதுமேல இருக்கிற கம்பியைக் கொஞ்சம் தூக்கிவிட்டா கண்ணாடி முன்னால சாயும், லைட் பளிச்சுன்னு அடிக்காது.

தண்டையார்பேட்டை_மேடை:

ரொம்ப நன்றி. அண்ணா, ஸ்டுடியோவுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்லயே செல்போன்ல ஒரு தடவை எடுத்துப் பாக்கலாமா? ஹவுசிங் போர்டு வீடு, ரெண்டாவது மாடி, முன்னாடி நீள வராண்டா. தம்பி எடுத்துத் தருவான். இன்னொண்ணு, கேமரா முன்னாடி நின்னதும் முகம் இறுகிடுது. மேடையில அப்படி இல்ல.

அரைவெளிச்சம்:

தாராளமா. சரியா எடுத்தா அதையே அனுப்பலாம். நிறைய அறிவிப்புல "மேக்கப் இல்லாத, ஃபில்டர் இல்லாத செல்போன் போட்டோ"ன்னுதானே கேக்கறாங்க.

அந்த வராண்டாவே உங்க ஸ்டுடியோ. வாசக் கதவுக்கு உள்ள ரெண்டு அடி தள்ளி, வெளியில பாத்து நில்லுங்க. வானத்தோட வெளிச்சம் முன்னாடி இருந்து முகத்துல விழும், தலைக்கு மேல கூரை இருக்கறதால கண்குழி இருட்டாகாது. நட்டநடு மொட்டை மாடியில நின்னா வெளிச்சம் மேல இருந்து வந்து கண்ணுக்குக் கீழ கறுப்பு வளையம் போடும். மாடியிலதான் எடுக்கணும்னா காலையில மாடிப்படிக் கூண்டோட மேற்குப் பக்க நிழல்ல, சாயங்காலம் கிழக்குப் பக்க நிழல்ல, சுவத்துக்கு முதுகு காட்டி நில்லுங்க. நம்ம பக்கம் சூரியன் கடல்ல இருந்து நேரா ஏறுது, மறைக்க மலையோ மரமோ இல்ல. எட்டு மணிக்கெல்லாம் வெயில் கடுமையாயிடும். வெயில் காலத்துல மதியத்துக்கு மேல கடக்காத்து வேற, முடி நிக்காது. காலை ஏழுல இருந்து ஒன்பது நிழல்ல எடுக்கறதுதான் நல்லது.

எதிர்ல என்ன நிறம் இருக்குன்னு பாருங்க, இதை யாரும் கவனிக்கிறதில்ல. நாலடிச் சந்துல எதிர் வீட்டுச் சுவர் பச்சையோ ரோஸ் கலரோ அடிச்சிருந்தா, அந்த நிறம் திரும்பி வந்து கன்னத்துல ஒட்டிக்கும். செவப்புத் தரையா இருந்தா மோவாய்க்குக் கீழ செவப்பு ஏறும். தரையில ஒரு வெள்ளைப் பெட்ஷீட் விரிச்சா அதுவும் போகும், கீழ இருந்து கொஞ்சம் வெளிச்சமும் ஏறும். வீட்டு டியூப் லைட்டை அணைச்சிடுங்க. ரெண்டு வகை வெளிச்சம் கலந்தா முகத்துல ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேற நிறம்.

செல்போன்ல: பின் கேமராதான். செல்ஃபி கேமரா சில போன்ல இடம் வலம் மாத்திப் பதிவு பண்ணும். வலது கன்னத்து மச்சம் இடது பக்கம் போயிடும், நேர்ல பாக்கறவங்களுக்குக் குழப்பம். லென்ஸைத் துணியால துடைங்க. ரெண்டு மடங்கோ மூணு மடங்கோ ஜூம் லென்ஸ் தனியா இருந்தா அதை வெச்சு ஆறடி தூரத்துல. இல்லன்னா சாதாரண லென்ஸ்லயே அதே தூரத்துல நின்னு எடுத்துட்டு அப்புறம் வெட்டிக்குங்க. வெட்டறதால முக வடிவம் மாறாது, கிட்டப் போறதாலதான் மாறும். பியூட்டி மோட் பூஜ்யத்துல இருக்கான்னு பாருங்க, சில போன்ல அது தானாவே ஓடிக்கிட்டிருக்கும். போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம், சுருட்டை முடியோட ஓரத்தையும் காதையும் அரிச்சிடும். முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடிச்சா ஃபோகஸ் பூட்டிக்கும், பக்கத்துல வர்ற சூரியன் குறியை லேசாக் கீழ இழுத்து, நெத்தி வெளுக்காத அளவுல நிறுத்துங்க. தம்பி போனை உங்க கண்ணு உயரத்துல பிடிக்கணும். ஃபுல் லெங்த் எடுக்கும்போது மட்டும் இடுப்பு உயரம், இல்லன்னா கால் குட்டையாகும்.

முகம் இறுகறதுக்குக் காரணம், எதிர்ல பேச ஆள் இல்ல. மேடையில எதிர் நடிகர் இருக்கார். கேமரா இருக்கிற இடத்துல ஒருத்தரை நிறுத்துங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர், அவர்கிட்ட சொல்ல வேண்டிய ஒரு வரி. "எப்பப்பா திருப்பித் தருவே?" "சாப்ட்டியா?" "எனக்குத் தெரியும், நீ சொல்லவே வேணாம்." மனசுக்குள்ள சொல்லி முடிச்ச மறுநொடிதான் எடுக்கணும். சிரிக்கச் சொல்லி சிரிக்காதீங்க, வாய் மட்டும் அகலமாகும், கண்ணு அப்படியே இருக்கும். உடம்பை முப்பது டிகிரி திருப்பி வெச்சு முகத்தை மட்டும் கேமராவுக்குக் கொண்டு வாங்க. நெத்தியை ஒரு அங்குலம் முன்னால தள்ளி, மோவாயை ஒரு துளி இறக்குங்க. நமக்கு அசிங்கமா இருக்கிற மாதிரி தோணும், படத்துல தாடைக் கோடு தெளிவா வரும். மூச்சை வெளிய விட்டதும் தோள் இறங்கும், அப்ப எடுங்க. நூறு, நூத்தம்பது படம் எடுத்து ஆறு தேறினா நல்ல கணக்கு.

ஒரு விஷயம். காசிமேடு துறைமுகம், 1856ல திறந்த ராயபுரம் ரயில் நிலையம்னு நம்ம ஊர் இடங்கள் எல்லாம் அழகுதான். ஆனா ரயில்வே இடத்துலயும் துறைமுகத்துலயும் கேமராவோட எடுக்க அனுமதி வாங்கணும். அதைவிட, படகும் வலையும் பின்னாடி இருந்தா கண்ணு அங்கதான் போகும். முகத்தைக் காட்டற போட்டோவுக்கு வெறும் சுவர் போதும்.

பெரம்பூர்_வாசகி:

எனக்கும் இதே தேடல்தான். ஒரு "காஸ்டிங் ஏஜென்சி" நாங்க சொல்ற போட்டோகிராஃபர்கிட்ட எடுத்தாத்தான் செலக்ட் பண்ணுவோம், முன்பணம் கட்டுங்கன்னு மெசேஜ் அனுப்பியிருக்காங்க. இது வழக்கமா? போட்டோவோட உரிமை யாருக்குன்னும் சொல்லுங்க, ஸ்டுடியோகாரங்க விளம்பரத்துல போட்டுக்குவாங்களோன்னு பயமா இருக்கு.

சட்டப்பக்கம்:

வழக்கம் இல்லை. வேலை கொடுப்பவர் நடிப்பவருக்குப் பணம் கொடுக்க வேண்டும். நடிப்பவரிடம் பதிவுக் கட்டணம், போட்டோ கட்டணம், "ஆர்ட்டிஸ்ட் கார்டு" கட்டணம் என்று கேட்பவரிடம் பெரும்பாலும் படமே இருக்காது. குறிப்பிட்ட ஒரு போட்டோகிராஃபரிடம்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதே போதுமான எச்சரிக்கை. ஏற்கனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்; எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். பெண்களுக்கான உதவி எண் 181.

உரிமை பற்றி: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்கு விலை கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டவரே முதல் உரிமையாளர். அதாவது நீங்கள் பணம் கொடுத்து எடுத்த படம் உங்களுடையது. "வேறு ஒப்பந்தம் இல்லாதவரை" என்ற இடத்தில்தான் கவனம் வேண்டும். பில்லுக்குப் பின்னால் சிறிய எழுத்தில் "படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஸ்டுடியோவுக்கு உரிமை உண்டு" என்று அச்சிட்டிருந்தால் கையெழுத்துப் போடும் முன் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் இந்தப் பாதுகாப்பு கிடையாது, விலை கொடுக்கப்படவில்லை என்பதால் உரிமை எடுத்தவரிடமே நிற்கும். அப்படி எடுப்பதானால் எங்கெல்லாம் வெளியிடலாம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பில் வாங்குங்கள். எந்தத் தேதியில் எத்தனை படம், ஒரிஜினலும் சேர்த்தா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். முதல் தடவை போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், உள்ளேயே உட்கார வையுங்கள். அதை மறுக்கும் இடத்தில் எடுக்க வேண்டாம். நீச்சல் உடை, உள்ளாடைப் படம் எதையும் தேர்வுக்காக முன்கூட்டியே அனுப்பத் தேவையில்லை. ஆதார் நகலும் போட்டோவோடு போகக் கூடாது. அது ஒப்பந்தம் போடும்போது கேட்கப்பட வேண்டிய ஆவணம்.

ஒப்பனை_அக்கா:

பெரம்பூர் தங்கச்சிக்கு ரெண்டு வார்த்தை. முடியை விரிச்சு ஒண்ணு, இழுத்துக் கட்டி நெத்தியும் காதும் தெரிய ஒண்ணு. கட்டினதைத்தான் முதல்ல அனுப்பணும். ஐப்ரோ திரெட்டிங் ரெண்டு மூணு நாள் முன்னாடி. லிப்ஸ்டிக் போடறதா இருந்தா உதட்டு நிறத்துக்குப் பக்கத்துல இருக்கிறதா, மேட். ஐலைனர் மேல் இமையில மட்டும், மெல்லிசா. கீழ மை போட்டா கண்ணு சின்னதாத் தெரியும். கண்ணுக்குள்ள போடற கலர் லென்ஸ் வேண்டவே வேண்டாம். பொய் இமை வேண்டாம். பொட்டு வெச்சு ஒண்ணு, வைக்காம ஒண்ணு. புடவையில தனியா ஒண்ணு எடுத்துக்கோ, சீரியல்காரங்க கண்டிப்பாக் கேப்பாங்க. காட்டன், சின்ன பார்டர், நகை இல்லாம.

தண்டையார்பேட்டை_மேடை:

எல்லாருக்கும் நன்றி. தேர்வு மேசை அண்ணா, கடைசியா ஒண்ணு. எடுத்த போட்டோவை எப்படி அனுப்பணும்? கூட என்ன எழுதணும்?

தேர்வு_மேசை:

வாட்ஸ்அப்ல சாதாரணமா போட்டோவா அனுப்பினா அது சுருக்கிடும். குளோஸப் ஒண்ணை மட்டும் அப்படி அனுப்புங்க, திறக்காமலே முகம் தெரியணும்ல. மத்தது எல்லாம் டாக்குமெண்ட்டா அனுப்புங்க, அப்பதான் ஒரிஜினல் தரத்துல போகும். ஒவ்வொரு ஃபைலும் ஒண்ணு ரெண்டு எம்பி இருந்தா போதும், இருபது எம்பி அனுப்பினா டவுன்லோடு பண்ணவே மாட்டாங்க. பல படத்தை ஒண்ணா ஒட்டிக் கொலாஜ் பண்ணாதீங்க. படத்து மேல பேரு, நம்பர், ஸ்டுடியோ முத்திரை எதுவும் வேண்டாம். டிரைவ் லிங்க் குடுத்தா, அனுமதி கேக்காம திறக்குதான்னு வேற ஒரு போன்ல பாத்துட்டு அனுப்புங்க. பாதி லிங்க் பூட்டியே கிடக்கும், யாரும் அனுமதி கேட்டுக் காத்திருக்கமாட்டாங்க.

ஃபைல் பேர்ல 'படம்_1'னு இருக்கக் கூடாது. உங்க பேர், வயசு, உயரம், செல் நம்பர், இந்த நாலும் இருக்கணும். ஏன்னா உங்க படத்தை நாங்க கோ டைரக்டருக்கு அனுப்புவோம், அவர் டைரக்டருக்கு. மெசேஜ் பின்னாலயே தங்கிடும், ஃபைல் மட்டும்தான் பயணம் போகும்.

மெசேஜ் இப்படி இருந்தா போதும்: பேர். வயசு 24, நடிக்கக் கூடிய வயசு 20ல இருந்து 28. உயரம், செருப்பு இல்லாம சுவத்துல அளந்தது. இடம் தண்டையார்பேட்டை. பேசற மொழி. இப்ப தாடி இருக்கா, எடுக்கத் தயாரா. பைக் ஓட்டுவது, நீச்சல், சிலம்பம்னு நிஜமாவே தெரிஞ்சது ஒண்ணு ரெண்டு. மேடை அனுபவம் ஒரே வரியில. எந்தப் படத்துக்கு, எந்தக் கேரக்டருக்குன்னு அறிவிப்புல போட்டிருந்தா அதை முதல் வரியில எழுதுங்க. "ஒரு வாய்ப்பு குடுங்க சார்"னு நீளமா எழுதத் தேவையில்ல, மரியாதையா ஒரு வணக்கம் போதும்.

கூடவே நாப்பது செகண்ட் வீடியோ ஒண்ணு எடுத்து வெச்சுக்குங்க, போனைப் படுக்க வெச்சு, அதே வராண்டா வெளிச்சத்துல. பேர், வயசு, உயரம், ஊர். அப்புறம் இடது பக்கம் திரும்பி ரெண்டு செகண்ட், வலது பக்கம் ரெண்டு செகண்ட், கை ரெண்டையும் முன்னும் பின்னும் காட்டி. விளம்பரக் கம்பெனிங்க கையைக் கேப்பாங்க, பொருளைப் பிடிக்கிறது கைதானே. ஃபேனை அணைச்சிடுங்க, அந்த இரைச்சல்ல குரல் அமுங்கிடும். உங்க பேச்சு வழக்கை மாத்திக்கிட்டுப் பேச வேண்டாம். வேற வழக்கு வேணும்னா வசனம் அனுப்பிக் கேப்பாங்க.

முடி, எடை, தாடி எதுவாவது கண்ணுக்குத் தெரியற அளவு மாறினா குளோஸப்பை மறுபடி எடுங்க. மாறலன்னாலும் உங்க வயசுல வருஷம் ஒரு தடவை புதுசா எடுத்துடறது நல்லது. பழைய ஃபைலை போன்ல இருந்து அழிச்சிடுங்க, அவசரத்துல அதுதான் கைக்கு வரும்.